விடை சொல்லாத நொடி

2024 செப்டெம்பர். இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலுக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. கிழக்குக் கரையில் எங்கள் ஊரான புல்மோட்டையில் தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தபோது மச்சான் போனை நீட்டினார். "இதப் படிங்க மச்சான், நம்மட ஊர்க் கதை."

நாலே வரி. "வேட்பாளர் கடற்கரையில் நின்று, 'இந்த மணல் உங்களுடையது' என்றார். நாங்கள் கைதட்டினோம். வாகனத்தில் ஏறுமுன் செருப்பைக் கழற்றி உதறினார். அந்தக் கொஞ்சம்தான் எங்களுக்குக் கிடைத்தது."

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. இங்கிருந்து கொக்கிளாய்ப் பக்கம் வரை கரையோரம் கிடக்கிற கறுப்பு மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் எல்லாம் இருக்கின்றன. 1957இல் அரசு கனிய மணல் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. மணல் கப்பலேறத் தொடங்கியது. தேர்தல் வந்தால் மேடையும் ஏறுகிறது. இதை எழுதியவருக்கு அந்தச் செருப்பு எங்கே அகப்பட்டது? ஆளைக் காணவேண்டும் போலிருந்தது. ஆனால் கதையின் கீழே பெயர் இல்லை.

மச்சானுக்கு அனுப்பியவர் குச்சவெளிக்காரர். அவருக்கு நிலாவெளியிலிருந்து வந்திருந்தது. நிலாவெளிக்குக் கிண்ணியாவிலிருந்து. கிண்ணியாவில் கிடைத்த கதையில் மணலே இல்லை, வயல் இருந்தது. செருப்பில் ஒட்டியிருந்தது சேறு. அதற்குமேல் தடம் இல்லை. மணல்தான் முதலில் எழுதப்பட்டது என்பது என் முடிவு. சேறு உதறினால் விழாது. எழுதியவர் இந்தக் கரையில் நடந்தவர்.

ஆள் கிடைக்காததால் வடிவத்தின் பிறப்பைத் தேடினேன். கிண்ணியாக் கதையின் அடியில் 'ஹெமிங்வே பாணி' என்று யாரோ சேர்த்திருந்தார்கள். குழந்தையின் காலணி விற்பனைக்கு என்று ஆறே ஆங்கிலச் சொற்களில் அந்த அமெரிக்க எழுத்தாளர் பந்தயத்துக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கதை நமக்கெல்லாம் தெரியும். அதை அவர் எழுதியதற்குச் சான்று இல்லை. அவர் இறந்தது 1961இல்; அந்தக் கதையோடு அவர் பெயர் அச்சில் முதலில் வந்தது 1991இல்தான். அதேபோன்ற வரிகள் 1900களின் தொடக்கத்து அமெரிக்கப் பத்திரிகைகளில் வரி விளம்பரமாகவே வந்திருக்கின்றன. அங்கேயும் எழுதியவர் யாரென்று தெரியாது.

இப்படிச் சுருக்கி எழுதியவர் நம் கிழக்கிலேயே ஒருவர் இருக்கிறார், மட்டக்களப்பின் கவிஞர் காசி ஆனந்தன். 1977 பொதுத் தேர்தலில் மட்டக்களப்பில் போட்டியிட்டுத் தோற்றவர். பின்னாளில் 'நறுக்குகள்' எழுதினார், சில வரிகளில் முடிகிற குட்டிக் கதைகளும் எழுதினார். மேடையில் மணிக்கணக்காகப் பேசவேண்டிய தேர்தலைக் கண்ட ஒருவர் பிறகு சொல்லை நறுக்கத் தொடங்கியது எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது.

தேடத் தேட, இன்னொரு குட்டிக்கதையும் நினைவுக்கு வந்து நெஞ்சை அடைத்தது. 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தல். பதினாறே நாளில், 26ஆம் திகதி இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் மலடாக்கும் மருந்து கலந்தார்கள் என்று ஒரு கதை பரவியது. அதுவும் இரண்டே வரிக் கதைதான். கடைகள் உடைந்தன, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்துச் சொன்னார்: மருந்து எதுவும் இல்லை, கட்டிபட்ட மாவு. அறிக்கை வருமுன் கண்டிப் பக்கத்துத் திகனயும் கலவரத்தில் எரிந்துவிட்டது.

செருப்புக் கதையும் அம்பாறைக் கதையும் சில வரிகளுக்கு மேல் போகவில்லை. இரண்டிலும் எழுதியவர் பெயரில்லை. பின் எங்கே வேறுபடுகின்றன என்று பல நாள் யோசித்தேன். விடையை உம்மம்மாவிடமிருந்துதான் எடுத்தேன்.

இந்தச் சின்னக் கதைகளை இப்போது சிலர் நொடிக்கதை என்கிறார்கள். கணநேரத்தில் படித்துவிடலாம் என்று வைத்த பெயர். எங்கள் பக்கத்தில் நொடி என்றால் விடுகதை. தொல்காப்பியம் பிசி என்று சொல்லும் அதே சாமான். குப்பி விளக்கு வெளிச்சத்தில் உம்மம்மா நொடி போடுவார்: "கறுப்பா இருக்கும், கரியில்ல. கப்பல் ஏறும், ஹஜ்ஜுக்கில்ல." எவ்வளவு கெஞ்சினாலும் விடையைச் சொல்லமாட்டார். மறுநாள் கடலில் குளித்துவிட்டு வரும்போது ஈரக் காலில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

செருப்புக் கதையும் அப்படித்தான். அது என்னைக் காலைக் குனிந்து பார்க்க வைத்தது. அம்பாறைக் கதை விடையைக் கையில் திணித்துவிட்டு, கேள்வி கேட்க நேரம் கொடுக்காமல் ஓடவைத்தது. தேர்தல் காலத்தில் போனுக்கு வருகிற எதையும் நான் இப்போது இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன்.

செருப்புக் கதையை எழுதியவரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. குச்சவெளியிலிருந்து மூதூர் வரை, இந்தக் கதை முதலில் யார் கையிலிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எழுதியவரே இதைப் படிக்க நேர்ந்தால், அடுத்த கதைக்குக் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.