பென் டிரைவில் வந்த பிப்

பசறைப் பக்கம் எங்க தோட்டத்துல சிக்னல் வேணும்னா லயத்துக்கு மேல இருக்கிற ரோட்டுக்கு ஏறணும். அங்க நின்னு வாட்ஸ்அப் பார்க்கலாம், லேப்டாப் வேலை நடக்காது.

அம்மாமார் தினமும் நிறுத்த கொழுந்துக் கிலோவை ஆறு மாசமா கொப்பியில எழுதி வச்சிருந்தாங்க. அதையும் சம்பளத் துண்டில் வந்த கிலோவையும் பக்கத்துல பக்கத்துல வரைபடமாப் போட்டுப் பார்க்க நினைச்சோம். கையில் இருந்தது உபுண்டு 22.04 போட்ட பழைய லேப்டாப். அதுல பைத்தன் இருந்தது, பிப் இல்லை. பைத்தனுக்கு வேண்டிய பேக்கேஜ்களை இறக்கி நிறுவித் தருவது பிப். அந்தப் பிப்பையே இறக்க இன்டர்நெட் வேணும்!

தேடினப்போதான் தெரிஞ்சது, 2022 அக்டோபரில் வந்த பிப் 22.3இலிருந்து முழுப் பிப்பும் ஒரே ஃபைலாகவும் கிடைக்குதுன்னு. பெயர் 'பிப்.பிஒய்இசட்'. உள்ளே பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை, அது ஒரு ஜிப் ஃபைல்தான். எங்கிருந்து தொடங்கணும்னு சொல்ற 'மெயின்' ஃபைல் ஒன்று உள்ளே இருந்தால், ஜிப்பை விரிக்காமலே பைத்தன் ஓட்டிவிடும். 2008இல் வந்த பைத்தன் 2.6லயே இந்த வசதி உண்டு. ஆனா பைத்தன் இல்லாத மெஷினில் இந்த ஃபைல் சும்மா கிடக்கும்.

பதுளை டவுனுக்குப் போய் அந்த ஃபைலைப் பென் டிரைவில் ஏத்திட்டு வந்தோம். பிப் ஓடிச்சு. உடனே மேட்பிளாட்லிப்பை எடுக்க இன்டர்நெட்டைத் தேடிச்சு. கடை வந்தது, சாமான் வரலை.

ரெண்டாவது தடவை டவுன் கம்ப்யூட்டரில் 'பிப் டவுன்லோட்' கொடுத்து பேக்கேஜ்களையும் எடுத்தோம். அது விண்டோஸ் மெஷின், அதனால விண்டோஸுக்கு உரியதே வந்தது. லேப்டாப் ஏத்துக்கலை. பஸ் காசு மறுபடியும் போச்சு.

மூணாவது தடவை லினக்ஸ், பைத்தன் 3.10 என்று குறிப்பிட்டு இறக்கினோம். நெட்டுக்குப் போகாமல் இந்த ஃபோல்டரில் மட்டும் தேடுன்னு பிப்பிடம் சொன்னோம். லயத்துலயே, சிக்னல் இல்லாமலே, எல்லாம் ஏறிச்சு.

வரைபடத்துல ரெண்டு கோடு. முதல் நாலு மாசம் ஒட்டியே போச்சு, அஞ்சாவது மாசம் விலகிச்சு. அம்மா அதைப் பார்த்துட்டு, "நான் சொன்ன மாசம் இதுதான்"னாங்க. இத்தனை நாள் அவங்க வாய்ச்சொல்லா இருந்தது இப்ப தாளில் இருக்கு.

அந்தப் பென் டிரைவ் இப்பவும் எங்ககிட்ட இருக்கு. எந்தத் தோட்டத்துப் பிள்ளைகளும் வந்து கேட்கலாம். ஆனா உங்க லேப்டாப்பில் எந்த பைத்தன்னு பார்த்துட்டு வாங்க. ஒரு பஸ் காசு மிச்சம்.