மலை சொன்ன பெட்ரோல் கணக்கு

கோடை பிறந்தால் ஊட்டியா, கொடைக்கானலா என்ற பட்டிமன்றம் உங்கள் வீட்டிலும் நடக்கும். எங்கள் வீட்டில் இந்தத் தடவை ஊட்டிக் கட்சி ஜெயித்தது. பயப்படாதீர்கள், பூங்காவையும் ஏரியையும் வர்ணித்து உங்களை நான் சோதிக்கப் போவதில்லை. அவற்றைப் பற்றி நீங்கள் படித்திருப்பது போதும். நான் சொல்ல வந்தது போகிற வழியையும் வருகிற வழியையும் பற்றி. கார் ஏன் இவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்று மாதக் கடைசியில் கவலைப்படுகிற குடும்பத் தலைவிகளுக்கு அந்த மலைப் பாதையைப் போல ஒரு பாடசாலை கிடையாது.

நாங்கள் நாலு பேர்: அண்ணன், அண்ணி, பத்து வயசுப் பையன் ஒருவன், நான். கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் 35 கிலோமீட்டர். அதுவரை அண்ணன் ஓட்டினார். இப்போது வருகிற கார்களில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னத் திரை இருக்கிறது. இந்த நிமிஷத்தில் ஓடுகிற ஓட்டத்துக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அது சொல்லிக் கொண்டே வரும். உங்கள் காரிலும் இருக்கலாம். பாட்டு வைக்கிற அவசரத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. பையன் கவனித்தான். கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற மாதிரி உரக்கப் படித்துக் கொண்டே வந்தான்.

நிதானமாகப் போனபோது, "பத்தொன்பது, இருபது" என்றான். முன்னால் போன லாரியை முந்துவதற்காக அண்ணன் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தார். "ஆறு!" என்று கூவினான். முந்திய பிறகு நூறு கஜ தூரத்திலேயே ஒரு வேகத் தடை. பிரேக் போட்டார். மறுபடி மிதித்தார். "அப்பா, ஐந்து!" அண்ணி ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவர் முகத்தில் மளிகைக் கணக்கு ஓடிக் கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

மத்திய அரசின் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள் என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறது. நாலு வழிச் சாலையில் அப்படிப் போனால் பின்னால் வருகிறவர்கள் ஹாரனால் அர்ச்சனை செய்வார்கள் என்பது வாஸ்தவம்தான். ஆனாலும் 100-க்குப் பதில் 80-ல் போகலாமே! காற்றின் எதிர்ப்பு வேகத்துக்கு ஏற்ப நேராக ஏறுவதில்லை. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு நாலு மடங்காகிறது. 80-ல் இருக்கும் எதிர்ப்பு 100-ல் ஒன்றரை மடங்குக்கும் மேல். கூரை மேலே காரியர் வைத்து மூட்டை கட்டினால் இன்னும் மோசம்.

மேட்டுப்பாளையத்தில் மலை டிரைவர் ஒருவர் ஏறிக் கொண்டார். சமவெளிக்காரர்கள் மலையில் காரை ஓட்டத் தயங்கினால் இப்படி ஆள் வைத்துக் கொள்வது உண்டு. அறுபதை நெருங்கியவர்; முப்பது வருஷமாக இதே மலையில் ஏறி இறங்குகிறவர். சாவியை வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம், நாலு டயர்களையும் சுற்றி வந்து பார்த்ததுதான். காற்று எவ்வளவு என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் உத்தேசமாக ஒன்று சொன்னார். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார் பெரியவர். எத்தனை பேருக்கு எவ்வளவு காற்று என்று காரைச் செய்தவர்களே அதில் அச்சிட்டிருந்தார்கள். உங்கள் காரிலும் அந்த இடத்தில் தேடிப் பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் உருள மறுக்கும். அதை உருட்டுவதற்கான பெட்ரோல் உங்கள் பையிலிருந்துதான் போகும். டயர் சூடாவதற்கு முன், காலையிலேயே காற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

கல்லாறு பாலத்தைத் தாண்டினதும் பாக்குத் தோப்புகளின் குளிர்ச்சி முகத்தில் அடிக்கிறது. பெரியவர் ஏ.ஸி.யை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கச் சொன்னார். மலையில் இந்த வேகத்தில் கண்ணாடியைத் திறப்பதால் நஷ்டமில்லை. நெடுஞ்சாலையில் விரைந்து போகும்போதுதான் திறந்த ஜன்னல் காற்றைப் பிடித்து இழுக்கும். பர்லியாறில் வண்டியை நிறுத்தினோம். சர்க்காரின் தோட்டக்கலைப் பண்ணை உள்ள ஊர். பருவத்தில் போனால் மங்குஸ்தான் பழம் தவறாமல் வாங்குங்கள். பெட்ரோல் சிக்கனம் பேசுகிறவள் பழத்தில் சிக்கனம் பிடிக்கச் சொல்ல மாட்டேன்!

அங்கே ஒரு கணக்குப் போட்டேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 325 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1,400 கிலோ எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும், எஞ்சின் வெப்பமாக வீணாக்குவதையும் சேர்த்து, ஏறக்குறைய 3 லிட்டர் பெட்ரோல் வேண்டும். காற்றைத் தள்ளுவதும் சக்கரம் உருளுவதும் தனி. இதில் யாரும் மிச்சம் பிடிக்க முடியாது. மலை அந்த வரியை வாங்கியே தீரும்.

சரி, சாமான்களைக் குறைக்கலாமா? அண்ணி கட்டி வந்த புளியோதரை மூட்டை, கம்பளிப் பை, ஊறுகாய் ஜாடி எல்லாம் சேர்ந்து 50 கிலோ என்றே வைத்துக் கொள்வோம். அதை ஊட்டி வரை தூக்க ஆகும் பெட்ரோல் 100 மில்லி சொச்சம். ஒரு சின்னத் தம்ளர். இந்தக் கணக்கைச் சொன்னதும் அண்ணிக்குப் பரம திருப்தி. சாமான்களைப் பார்த்து வழியெல்லாம் முணுமுணுத்து வந்த அண்ணன் வாய் திறக்கவில்லை.

அந்தத் தம்ளரை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

பெரியவர் ஏற்றுகிற அழகே தனி. வளைவுக்கு முன்பே கியரை இறக்கிவிடுவார். வளைவுக்குள் போய்த் திண்டாடுவதில்லை. ஒரே சீராக, அவசரமில்லாமல், கோயில் படியேறும் பாட்டி மாதிரி வண்டி ஏறியது. திரையில் எட்டு, ஒன்பது என்று நின்றது. எங்களை முந்திச் சென்ற ஒரு கார் ஒவ்வொரு வளைவுக்கும் சீறிக் கொண்டு போய், ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போட்டது. அதே காரைக் குன்னூர் நெரிசலில் எங்களுக்கு இரண்டு வண்டி முன்னால் பார்த்தோம்.

மலையில் ஒரு சட்டம் இருக்கிறது. இறங்குகிற வண்டி, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். இதை நான் வெறும் மரியாதை என்று நினைத்திருந்தேன். பெரியவர் சொன்னார்: "ஏனுங்க அம்மிணி, ஏர்ற வண்டி ஏத்தத்துல நின்னு போச்சுன்னா மறுபடி கெளப்பறதுக்கு எத்தன பாடு? எறங்கறவனுக்கு நிக்கறதுல என்னங்க நட்டம்?" ஒரு பௌதிகப் புத்தகம் நாலு பக்கத்தில் சொல்வது இவ்வளவுதான். ஓடுகிற ஓட்டம் என்பது முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கிய பெட்ரோல். பிரேக்கை மிதிக்கும்போது அதைச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறோம்.

குன்னூரில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஈ-பாஸ் முறை வந்தது. எத்தனை வண்டிகள் வருகின்றன என்று கணக்காவது இருக்கட்டும் என்ற நிலைமைக்கு மலை வந்துவிட்டது என்பதை அந்த வரிசையில் நின்றால் தெரிந்து கொள்வீர்கள். முன்னும் பின்னும் எல்லா எஞ்சின்களும் உறுமிக் கொண்டிருந்தன. பெரியவர் கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டார். நிற்கிற கார் மணிக்குச் சுமார் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கிறது. பத்து நிமிஷத்துக்கு எவ்வளவு? அதே சின்னத் தம்ளர்! அண்ணியின் 50 கிலோ மூட்டையை 1,900 மீட்டர் உயரம் தூக்குவதும், பத்து நிமிஷம் சும்மா நின்று உறுமுவதும் ஒன்று. இதைக் கேட்ட பிறகு எனக்கு எரிச்சல் வந்தது மூட்டை மேல் அல்ல.

இரண்டு நாள் கழித்து, கோத்தகிரி வழியாக இறங்கினோம். விஷயமே இங்கேதான் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி, அரவேணு, குஞ்சப்பனை என்று பாதை சரிந்து கொண்டே போகிறது. அண்ணன் தன் சிக்கன வித்தையை எடுத்து விட்டார்.

"இனிமேல் இறக்கம்தானே? நியூட்ரலில் விட்டுவிடுங்கள். ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவாகாது. எங்கப்பா எஞ்சினையே நிறுத்திவிடுவார்."

"சார், அந்த வேல மட்டும் வேண்டாமுங்க. புள்ள வண்டியில உக்காந்திருக்குது" என்றார் பெரியவர். இரண்டாவது கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். வண்டி தானே உருண்டது. எஞ்சின் அதைப் பிடித்து நிறுத்திக் கொண்டே வந்தது. திரையைப் பார்த்த பையன் துள்ளிக் குதித்தான். "தொண்ணூற்றொன்பது! அத்தை, தொண்ணூற்றொன்பது!"

அதற்கு மேல் எண் அந்தத் திரையில் கிடையாது. உண்மையில் செலவு பூஜ்யம். இப்போதைய பெட்ரோல், டீஸல் கார்களில், கியரில் இருக்கும்போது காலை எடுத்துவிட்டால், எஞ்சினுக்குப் போகும் எண்ணெயைக் கம்ப்யூட்டரே அடைத்துவிடுகிறது. சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுற்றுகின்றன. வேகம் ரொம்பக் குறைந்தால்தான் மறுபடி எண்ணெய் சொட்டும். நியூட்ரலில் போட்டால் என்ன ஆகும்? சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் உறவு அறுந்து போகிறது. எஞ்சின் அணையாமல் இருக்க அது பெட்ரோல் குடித்தாக வேண்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செய்கிற காரியத்தில் செலவு கூடுகிறது!

கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாஸிடர் காலத்தில் அந்த வித்தையில் கொஞ்சம் நியாயம் இருந்தது. கார் மாறிவிட்டது, அப்பா சொல்லிக் கொடுத்தது மாறவில்லை. வீட்டுக்கு வீடு இப்படித்தான்.

பெட்ரோலாவது போகட்டும். நியூட்ரலில் இறங்கும்போது முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழுகிறது. மிதிக்க மிதிக்கப் பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. எஞ்சினை நிறுத்திவிட்டாலோ இன்னும் ஆபத்து: பிரேக்குக்குத் துணையாக இருக்கும் சக்தி இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். குஞ்சப்பனைக்கு அருகே ஒரு வளைவில் வேன் ஒன்று ஓரங்கட்டி நின்றது. சக்கரங்களிலிருந்து புகை, கருகிய நாற்றம். ஒரு தாய் கைக்குழந்தையுடன் பாறை மேல் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றப் போன அந்த டிரைவரைத் தடுத்தார். "தானா ஆறட்டும் தம்பி. பச்சத் தண்ணி ஊத்தினா வெடிச்சுப் போயிரும். அரை மணி உக்காருங்க. அப்புறம் ரெண்டாவது கியர்லயே போங்க." அதற்குப் பிறகு அண்ணன் நியூட்ரல் என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

ஏறின கியரிலேயே இறங்கு என்பது மலைக்காரர்களின் பழைய வழக்கு. ஆட்டோமாடிக் கார் வைத்திருக்கிறவர்களும் இறக்கத்துக்கென்று உள்ள தாழ்ந்த கியரில் போட வேண்டும். மின்சாரக் கார்களோ இறங்கும்போது பாட்டரியைக் கொஞ்சம் நிரப்பிக் கொள்கின்றன. அந்தக் கொடுப்பினை நமக்கு எப்போதோ!

மலையே இல்லாத ஊரில் இருக்கும் சகோதரி ஒருத்தி, இதெல்லாம் எனக்கெதற்கு என்று கேட்கலாம். தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் என்ன செய்கிறீர்கள்? கிட்டே போகும் வரை மிதித்துவிட்டு, பிறகு பிரேக் போடுகிறீர்கள் அல்லவா? பார்த்தவுடனே காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே உருள விடுங்கள். அந்த ஐம்பது கஜமும் குஞ்சப்பனை இறக்கம்தான். பள்ளிக்கூட வாசலில் மணி அடிக்கும் வரை ஏ.ஸி.க்காக எஞ்சினை ஓட விடுகிறவர்கள் குன்னூர்த் தம்ளரை நினைத்துக் கொள்ளட்டும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது கேட்டைத் திறந்து கொண்டு ஓடிவரும் நம் குழந்தைகள். நம் தேசத்துக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் கப்பலில் வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டிய சமாசாரம்.

அண்ணி ஊர் திரும்பியதும் பால் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டார். திரையை மட்டும் நம்புவதில்லை அவர். டாங்கியை நிரப்பியதும் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக் கொள்கிறார். அடுத்த தடவை நிரப்பும்போது ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுக்கிறார். மாதம் 900 கிலோமீட்டர் ஓடும் கார் லிட்டருக்கு 15 கொடுத்தால் 60 லிட்டர்; 18 கொடுத்தால் 50. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக் கொண்டால் ஆயிரம் ரூபாய் வித்தியாசம். அண்ணன் ஓட்டிய வாரம், அண்ணி ஓட்டிய வாரம் என்று நோட்டில் தனித்தனிக் கட்டம். போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது நோட்டைக் காட்டச் சொன்னேன். "அது எதற்கு இப்போது? காப்பி ஆறிவிடும்" என்றார் அண்ணன்.