சும்மா கிடக்கும் நிலம்

வீட்டுக்குப் புதிதாக ஒரு பீரோ வாங்கினால் என்ன செய்கிறோம்? எந்த மூலை காலி என்று பார்க்கிறோம். காலி என்று நினைத்த மூலையில்தான் மாமியார் மத்தியானம் தலை சாய்ப்பது வழக்கம் என்பது, பீரோ வந்து இறங்கிய பிறகுதான் தெரிகிறது. அப்புறம் வீட்டில் நடப்பதை நான் சொல்லவேண்டுமா?

தேசத்திலும் இப்போது இந்தப் பீரோ சமாசாரந்தான் நடக்கிறது. பூமி சூடேறுகிறது. நிலக்கரிப் புகையைக் குறைக்கவேண்டும், வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கவேண்டும், மரம் நடவேண்டும். எல்லாம் நியாயமே. 2070-க்குள் கரிக் கணக்கை நேர் செய்துவிடுவதாக 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் நம் நாடு வாக்குக் கொடுத்திருக்கிறது. வாக்கைக் காப்பாற்ற இடம் வேண்டுமே! ஆகவே, 'காலி நிலம் எங்கே?' என்று தேடுகிறார்கள்.

சென்ற சித்திரையில், உத்திரமேரூர்ப் பக்கம் செய்யாற்றங்கரையில் உள்ள காவாந்தண்டலத்துக்குப் போயிருந்தேன். கூட வந்த நண்பர் இஞ்சினீயர். ஊருக்கு வெளியே முள்ளும் புல்லுமாகக் கிடந்த மேய்ச்சல் தரையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இத்தனை இடம் சும்மா கிடக்கிறதே! சோலார் பேனல் போட்டால் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் தெரியுமா?"

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி திரும்பிப் பார்த்தாள். "சும்மாவா கெடக்குது? காலுக்குக் கீழே பாரு, தம்பி!"

பார்த்தோம். கூழாங்கற்களோடு கூழாங்கற்களாக நான்கு முட்டைகள்! தலைக்கு மேலே ஆள்காட்டிக் குருவி கத்திக் கத்தி ஊரையே கூட்டிக்கொண்டிருந்தது. நண்பர் சத்தமில்லாமல் இரண்டடி பின்வாங்கினார்.

பாட்டி சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. வேடந்தாங்கல், கரிக்கிலி இரண்டும் இந்த வட்டாரத்து ஏரிகள்தாம். 2022-ல் ராம்சார் என்னும் உலகப் பட்டியலில் இரண்டுக்கும் இடம் கிடைத்தது. ஆனால், அங்கே கூடு கட்டுகிற நாரையும் கொக்கும் இரை தேடுவது சுற்றுப்புறத்து ஏரிகளிலும் நெல் வயல்களிலும். வீடு ஓரிடம், அடுக்களை வேறிடம்! அடுக்களையை மூடிவிட்டு வீட்டுக்கு வெள்ளையடித்து என்ன பிரயோஜனம்?

ராஜஸ்தானத்தில் நடந்ததைக் கேளுங்கள். பாலைவனத்தைவிடக் காலியான இடம் உண்டா? அங்கே பேனல்களும் காற்றாலைகளும் எழுந்தன. உயர் அழுத்தக் கம்பிகள் ஓடின. ஆனால் அது கானமயிலின் தாய் வீடு. கனத்த உடம்பு, பக்கவாட்டில் அமைந்த கண்கள், நேர் எதிரே இருக்கும் கம்பி சரியாகத் தெரியாது, தெரிந்தாலும் சட்டென்று திரும்ப முடியாது. மோதி மடிகிறது. பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும் பறவை. மிஞ்சியிருப்பது ஏறத்தாழ நூற்றைம்பதுதான். கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்கும்படி 2021 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அது எல்லா இடத்திலும் ஆகாத காரியம் என்று அரசாங்கம் முறையிட்டது. 2024 மார்ச்சில் கோர்ட் உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்தது. கம்பி போகும் வழியை முதலிலேயே யோசித்திருந்தால் இத்தனை அலைச்சல் உண்டா?

மரம் நடுவதிலும் இதே கதைதான். 1877-ல் கடப்பைச் சீமையில் விறகுக்காக விதைத்த சீமைக்கருவேலம், இன்று நம் ஏரிகளில் குடியேறிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. புல்வெளியைக் காடாக்குவது நன்மையைவிடத் தீமையே செய்யக்கூடும் என்று, 2021-ல் பருவநிலை விஞ்ஞானிகளும் உயிரினவியல் விஞ்ஞானிகளும் முதன்முறையாகச் சேர்ந்து எழுதிய அறிக்கை எச்சரித்தது. புல்லும் தன் வேரடி மண்ணில் கரியைச் சேமித்து வைக்கிறது. நம் சிறுவாட்டுப் பணம் போல, வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்!

ஆனால், சூரிய மின்சாரத் திட்டங்களுக்கு நம் நாட்டில் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. நல்ல காரியம்தானே என்ற சலுகை. பெண் நல்லவள் என்பதற்காக, மாப்பிள்ளை வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்காமல் அனுப்பிவிடுவோமா? மழைக்காலம், கோடைக்காலம் இரண்டிலும் ஒருவர் நடந்து பார்த்து, அங்கே எது மேய்கிறது, எது முட்டையிடுகிறது என்று எழுதிவைத்த பிறகு அளவுகோலை எடுக்கட்டுமே.

இது ஒன்றும் புது யோசனை அல்ல. அதே உத்திரமேரூரில் 919, 921-ஆம் வருஷத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று குடவோலையில் ஆள் எடுத்திருக்கிறார்கள். மின்சாரத்துக்கு வாரியம் வைத்த நாம், முட்டைக்காகப் பேசவும் ஓர் ஆளை வைத்தால் குறைந்தா போய்விடுவோம்?

அதுவரை உண்மையிலேயே காலியான இடம் ஒன்று இருக்கிறது. சகோதரிகளே, அது நம் தலைக்கு மேலேயே இருக்கிறது! மொட்டை மாடி. ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் பேனல் வைக்க 2024-ல் மத்திய அரசு திட்டம் வகுத்திருக்கிறது. முதலில் அங்கே வையுங்கள். வடாம் காயப் போட ஒரு மூலையை மட்டும் விட்டுவிட்டால் போதும். காக்கைக்கும் அதில் ஆட்சேபம் இராது!