பட்டால்தான் தெரியும்

ஜவ்வாது மலை என்றதும் காவலூர் தொலைநோக்கிதான் உங்களுக்கு ஞாபகம் வரும். ஒருமுறை மலையடிவாரத்தையும் பாருங்கள். செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் இருக்கின்றன. மாட்டு மந்தைக்காக நடந்த சண்டைகளில் உயிர்விட்டவர்களுக்கு எடுத்த கற்கள். அவற்றில் ‘செத்தான்’ என்று எழுதவில்லை. ‘பட்டான்’ என்று வெட்டியிருக்கிறார்கள்.

ஆயிரத்து நானூறு வருஷம் ஓடிப்போச்சு. அந்த வினைச்சொல் மட்டும் சாகவில்லை. அடிபட்டான், ஆசைப்பட்டான், கடன்பட்டான்... கன்னடத்திலும் ‘பட்ட’ உண்டு. தெலுங்குக்காரர் ‘ட’வைக் கொஞ்சம் மெத்தென்று உச்சரித்து, ‘பட்டாடு’ என்பார். விழுந்தான் என்று அர்த்தம்.

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்குமே எழுதிவைக்கப்படாத ஒரு மூதாய் மொழியில் ‘படு’ இருந்திருக்க வேண்டும் என்று கணிக்கிறார்கள் மொழியியல்காரர்கள். கணிப்புதான் என்பதற்கு அடையாளமாக, சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. பர்ரோவும் எமனோவும் 1961-ல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி, இப்படிப்பட்ட சொந்தக்காரச் சொற்களைக் குடும்பம் குடும்பமாக அடுக்கியது.

இங்கேதான் ஒரு வம்பு. சமஸ்கிருதத்தில் ‘பத்’ என்றாலும் விழுவதுதான்; பறப்பதும்கூட. ‘ஆகா, ரெண்டும் ஒண்ணு!’ என்று துள்ளாதீர்கள். அதன் ஜாதகம் வேறு. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் எல்லாம் ஒரே ஊற்று என்று 1786-ல் கல்கத்தாவில் சொன்னார் வில்லியம் ஜோன்ஸ். ஆங்கிலமும் அந்த வீட்டுப் பிள்ளைதான். அந்த வீட்டு ‘பெத்’ என்ற வேரிலிருந்து வந்தவை கிரேக்கத்தின் ‘ப்டெரான்’ (இறக்கை, ஹெலிகாப்டரின் வால் பாதி), ஆங்கில ‘ஃபெதர்’, போர்த்துக்கீசியர் வழியே நம் சட்டைப்பைக்கு வந்த ‘பேனா’. இறகு, இலை என்று பொருள்படும் ‘பத்ர’மும் அதே வேர். ஆக, பத்திரிகையும் பேனாவும் ஹெலிகாப்டரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்!

பி.காம். பாஷையில் சொல்கிறேன். இரண்டு கடைகளின் ஒருநாள் வசூல் ஒரே தொகை என்பதால் முதலாளிகள் பங்காளி ஆகிவிட மாட்டார்கள். வரவு வரிசையாகப் பொருந்தணும். ‘பத்ர’ – ‘ஃபெதர்’ மாதிரியே ‘பித்ரு’ – ‘ஃபாதர்’, ‘பாதம்’ – ‘ஃபுட்’ என்று அங்கே ‘ப’வுக்கு ‘ஃப’ வரிசையாக டாலி ஆகிறது. நம் ‘படு’வின் ‘ட’வுக்கு அந்தப் பேரேட்டில் அப்படி ஒரு வரிசை இல்லை.

எல்லா மொழியும் தமிழிலிருந்து வந்தது என்பவரும் சரி, தமிழுக்கு எல்லாமே வடமொழி கொடுத்தது என்பவரும் சரி, காதில் விழுந்த ஒரு சத்தத்தை வைத்துச் சொத்துப் பத்திரம் எழுதுகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. ‘கஷ்டப்பட்டான்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு வீடுகள் சேர்ந்து குடியிருக்கின்றன.

கஷ்டம் அவர்கள் கொடுத்தது. பட்டது நாம்.