ஒரு கலைச்சொல்லின் வழக்கு

மொழியியல் பயிலும் மாணவனுக்குக் கணினியில் என்ன அலுவல் என வினவுவோர் உளர். பொறியியற்பீட நண்பர் சிலர் ‘சி’ மொழிக்குரிய கலைச்சொற்களைத் தமிழிற் தொகுக்க முற்பட்டபோது, ‘வொலற்றைல்’ என்னுஞ் சொல் என் பங்கிற்கு வந்தது. இரசாயன நூல்களில் அதற்கு ‘ஆவிப்பறப்புள்ள’ என்பது வழக்கு. அதனையே இங்கும் கொண்டால், நினைவகத்திலிருந்து மாறியொன்று ஆவியாய்ப் பறந்துவிடும்!

பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி 1970களின் தொடக்கத்தில் ஆக்கிய ‘சி’ மொழியில், இச்சொல் 1989ஆம் ஆண்டின் அமெரிக்க நியமத்தின்வழி நிலைபெற்றது. ஒரு மாறியின் பெறுமானத்தை ஒருமுறை வாசித்த தொகுப்பான், நிரல் அதனை மாற்றவில்லையெனக் கண்டால், மீண்டும் நினைவகத்தை நாடாது பழைய பெறுமானத்தையே எடுத்தாளும். அம்மாறி ஏதேனுமொரு சாதனத்தின் நிலையைக் காட்டுவதாயின், நிரல் தொடாமலே அது மாறக்கூடும். ஆதலால், ஒவ்வொரு முறையும் சென்று பார் எனத் தொகுப்பானுக்கு இடும் கட்டளையே இச்சொல்.

அவ்வளவே. நண்பரொருவரோ ‘காப்புறு மாறி’ என்று பெயரிட விழைந்தார். நான் உடன்படவில்லை. இரு செயலிகள் ஒரே மாறியை ஒன்றாற் கூட்ட முனைகின்றன எனக் கொள்வோம். இரண்டும் 7 என வாசிக்கின்றன. இரண்டும் 8 என எழுதுகின்றன. வரவேண்டியது 9. இவ்விழப்பை வொலற்றைல் தடுப்பதில்லை. பணிசெயல் முறைமையின் கருவில் இத்தகைய பிழை முழுக் கணினியையும் நிலைகுலைக்கக்கூடும். லினக்ஸ் கருவின் ஆவணங்களில் இச்சொல்லைத் தவிர்க்குமாறு கூறும் தனிக் கட்டுரையே உண்டு. பகிரப்படும் தரவைக் காப்பது பூட்டு. பூட்டு முறையாக அமைந்தால், அதற்கு முன் வாசித்த பெறுமானத்தைத் தொகுப்பான் உள்ளே கொண்டு வராது. உள்ளே வேறெவரும் அதனை மாற்றவும் இயலாது. அந்நிலையில் மீண்டும் மீண்டும் நினைவகத்தை நாடுவது வீண் தாமதமே. சாதனங்களையும் அங்கே அதற்கென அமைந்த சார்புகள் வழியே அணுகுவர். கடிகாரத் துடிப்புகளை எண்ணும் ‘ஜிபீஸ்’ என்னும் மாறி போன்ற சிலவே விலக்கு. அது வாசிக்குந்தோறும் வேறுபடலாம், பூட்டின்றியும் வாசிக்கப்படும்.

‘புறமாறு மாறி’ என நான் முன்மொழிந்தேன். செவிக்கு இனிதன்று என்றனர், உண்மைதான். எனினும், ‘காப்பு’ என்ற பெயரை நம்பிப் பூட்டிடாது விடப்போகும் முதலாமாண்டு மாணவனின் பொருட்டு வாதாடினேன். பட்டியலில் இன்றும் இரு சொற்களும் அருகருகே நிற்கின்றன. அடுத்த கூட்டத்திற்கு எட்டு எழுதிய அந்த எடுத்துக்காட்டையும் கொண்டுசெல்ல எண்ணியிருக்கிறேன்.