முயல் வாங்கித் தந்த வீடு

ஒரு முயல் வீடு வாங்கித் தருமா?

"இதென்ன கேள்வி! முயலுக்கே வளைதானே வீடு!" என்று சிரிக்கிறீர்களா? இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், மலையும் ஏரியும் மாறி மாறி வரும் ஒரு பிரதேசம் உண்டு. ஏரி ஜில்லா என்றே அதற்குப் பெயர். அங்கே நியர் ஸாரே என்ற குக்கிராமத்தில், பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய பண்ணை வீடு ஒன்று இருக்கிறது. 'ஹில் டாப்' என்பார்கள். 1905-ம் வருஷத்தில் அந்த வீட்டையும் அதைச் சேர்ந்த 34 ஏக்கர் நிலத்தையும் வாங்கித் தந்தது, நீலச் சட்டை போட்ட ஒரு முயல்தான். முயலின் பெயர் பீட்டர். வீட்டுக்கு எஜமானி ஆனவர் பியட்ரிக்ஸ் பாட்டர் என்ற கதாசிரியை.

பீட்டர் முயலின் கதையை உங்கள் வீட்டுக் குழந்தைகள் படித்திருக்கலாம். எழுதிய அம்மாளின் கதையோ அதைவிடச் சுவாரஸ்யமானது. அதைத் தெரிந்துகொள்ள ஹில் டாப்பைவிட நல்ல இடம் கிடையாது. வாருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

படகுத்துறையைத் தாண்டி

லண்டனில் யூஸ்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறி, ஆக்ஸன்ஹோமில் இறங்கி, கிளை ரயிலில் மாறினால் விண்டர்மீர் வந்துவிடும். அதே பெயருள்ள நீண்ட ஏரிதான் இங்கிலாந்திலேயே பெரியது. ஏரியைக் குறுக்கே கடக்க ஒரு தெப்பப் படகு உண்டு. மோட்டார் கார்களைக்கூட ஏற்றிக்கொண்டு போகும். அக்கரையில் இறங்கினால் ஏற்றமான பாதை. இரு பக்கமும் சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள், அப்பால் பசும்புல், புல்லில் ஆடுகள். சுமார் இரண்டு மைல் நடக்கத் தெம்பிருந்தால் நடந்தே போங்கள். இந்த ஊர் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆகையால் குடையை மட்டும் மறக்க வேண்டாம்.

கிராமம் என்றால் பத்து எட்டில் முடிந்துவிடும் கிராமம். சாலையோரம் ஒரு சிறு விடுதி. அதன் பின்னால், பூந்தோட்டத்தின் நடுவே போகும் நடைபாதையின் முடிவில், கற்பலகைகளை நிறுத்தி அமைத்த வாசல் முகப்போடு ஹில் டாப். வீடு சிறியது, ஒரே சமயத்தில் பலபேர் நுழைய முடியாது. அதனால் இத்தனை மணிக்கு இத்தனை பேர் என்று சீட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவதும் உண்டு. முன்கூட்டி விசாரித்துக்கொள்வது உத்தமம்.

உள்ளே நுழைந்தவுடன் ஒரு விசித்திரம். இதுவரை வந்தே இராத வீடு, நமக்குப் பழகிய வீடாகத் தெரிகிறது! அந்த இரும்பு அடுப்பு, அந்த மாடிப்படி, அந்த மர அலமாரி எல்லாம் அவருடைய சித்திரங்களில் அப்படியே இருக்கின்றன. 'டாம் கிட்டன்' என்ற பூனைக்குட்டி விழா உடுப்பைப் பறிகொடுத்தது இந்தத் தோட்டத்தில். அதே பூனைக்குட்டியைப் பிடித்து மாவில் வைத்து உருட்டிப் பலகாரம் செய்யப் பார்த்த எலித் தம்பதிகள் குடியிருந்தது இந்தச் சுவர்களுக்குள். அது வெறும் கற்பனை அல்ல. பாட்டர் அம்மாள் வீட்டை வாங்கிய புதிதில் எலிகளின் அட்டகாசம் சகிக்கவில்லையாம். நாமாக இருந்தால் எலிப்பொறி வாங்குவதோடு நிறுத்தியிருப்போம். அவர் ஒரு புஸ்தகமும் எழுதிவிட்டார்.

காய்ச்சலில் படுத்த குழந்தைக்கு

பியட்ரிக்ஸ் பாட்டர் 1866-ல் லண்டனில் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை; வீட்டோடு உபாத்தியாயினி வைத்துப் பாடம். விளையாட்டுத் தோழர்கள் கிடையாது. ஆறு வயது இளையவனான தம்பி ஒருவன்தான் துணை. அக்காளும் தம்பியும் மாடியறையில் முயல், சுண்டெலி, முள்ளெலி, பல்லி, தவளை, வௌவால் என்று ஒரு மிருகக்காட்சிசாலையே நடத்தினார்கள்.

அந்தப் பிரியம் கொஞ்சிக் கொஞ்சிக் கெடுக்கும் பிரியம் அல்ல. செத்துப்போன பிராணியை வேகவைத்து, சதையை நீக்கி, எலும்புகளைக் கோத்து வைத்துப் படம் வரைந்து பழகினார்கள்! கேட்டாலே உடம்பு கூசுகிறதல்லவா? ஆனால் பீட்டர் முயலின் படத்தைப் பாருங்கள். சட்டைக்குள்ளே இருப்பது பொம்மை அல்ல, எலும்பும் தசையும் உள்ள முயல் என்பது உடனே தெரியும்.

1893-ம் வருஷம் செப்டம்பர் 4-ம் தேதி. ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த அவருக்கு, தம் பழைய உபாத்தியாயினியின் ஐந்து வயதுப் பையன் நோயல் நோயாகப் படுத்திருப்பது தெரிந்தது. கடிதம் எழுத உட்கார்ந்தார். எழுத விஷயம் ஒன்றும் இல்லை. 'ஒரு கதை சொல்கிறேன்' என்று நாலு முயல் குட்டிகளைப் படத்தோடு எழுதி அனுப்பினார். அந்தக் கடிதம்தான் பீட்டர் முயலின் கதை. பையன் பத்திரமாக வைத்திருந்தான். பல வருஷம் கழித்து அதைத் திரும்ப இரவல் வாங்கித்தான் புஸ்தகம் ஆக்கினார்.

நம் வீடுகளிலும் குழந்தைக்கு ஜுரம் என்றால் பாட்டிமார் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வதில்லையா? எதிரே ஒரு குழந்தையின் முகம் இருக்கும். அது கண்ணை விரித்தால் கதையை நீட்டுவோம். கொட்டாவி விட்டால் சுருக்குவோம். கதை எழுதும் கலையைப் பற்றிப் பெரிய பெரிய புஸ்தகங்கள் சொல்வதெல்லாம் இந்த ஒன்றில் அடக்கம். 'குழந்தைகளுக்காக' என்று பொதுவாக எழுதாமல், ஒரு குழந்தைக்காக எழுதினார் அவர்.

பிரசுரகர்த்தரும் கதாசிரியையும்

கதையைப் பிரசுராலயங்கள் பல திருப்பி அனுப்பிவிட்டன. பெரிய புஸ்தகமாகப் போட்டால்தான் போணியாகும் என்று ஒரு யோசனையும் வந்தது. அம்மாள் இணங்கவில்லை. ஆறு ஷில்லிங் கொடுத்து ஒரே புஸ்தகம் வாங்க என் குட்டி முயல்களுக்கு வசதி இல்லை, ஒரு ஷில்லிங்கில் சின்னதாக இருக்கட்டும் என்பது அவர் கட்சி. குழந்தையின் கைக்கு அடக்கமாகவும் இருக்க வேண்டும் அல்லவா? கடைசியில் 1901 டிசம்பரில் சொந்தச் செலவிலேயே 250 பிரதிகள் அச்சிட்டார். மறு வருஷம் அக்டோபரில் ஃபிரெடரிக் வார்ன் கம்பெனி வர்ணப் படங்களோடு வெளியிட்டது. அந்த வருஷ முடிவுக்குள் 28,000 பிரதிகள் அச்சாகிவிட்டன.

அந்தக் கம்பெனியின் சகோதரர்களில் இளையவர் நார்மன் வார்ன். அவருக்கும் கதாசிரியைக்கும் ஓயாமல் கடிதப் போக்குவரத்து. எந்தப் படம் எந்தப் பக்கத்தில் வரவேண்டும், எந்த வரி அதிகப்படி, எந்த வர்ணம் மங்கல் என்று ஒவ்வொன்றையும் விவாதிப்பார்கள். வரிகளைக் கழிப்பதில் அம்மாளுக்குத் தயக்கமே இல்லை. ஆனால் இடையிடையே ஒரு கம்பீரமான சொல்லை வைப்பார். கீரை தின்ற முயல் குட்டிகளுக்குத் தூக்கம் வந்தது என்று எழுதலாம். அவரோ டாக்டர்கள் உபயோகிக்கும் பெரிய சொல்லைப் போட்டார். கீரைக்கு 'நித்திராகர' குணம் உண்டு என்று தமிழில் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி! குழந்தைகள் அர்த்தம் புரியாவிட்டாலும் வாய் நிறையச் சொல்லிச் சந்தோஷப்படுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நம் பஞ்சதந்திரத்தில் சிங்கமும் நரியும் பேசினால் ராஜாவும் மந்திரியும் பேசுவதுபோல் இருக்கும். நீதிதான் அங்கே பிரதானம். பாட்டர் அம்மாளின் பிராணிகள் சட்டை போட்டாலும் பிராணிகளே. தோட்டக்காரனிடம் அகப்பட்ட பீட்டர், சட்டையை உதறிவிட்டு நாலு காலில் ஓடும்போது மறுபடி வெறும் முயல் ஆகிவிடுகிறது. அதன் தகப்பனாரைத் தோட்டக்காரன் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள் என்ற செய்தியைக்கூட மறைக்காமல் சொல்கிறார். குழந்தைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை.

ஒரு பொம்மை வீட்டின் சோகம்

ஹில் டாப்பில் கண்ணாடிக்குள் சில பொம்மைச் சாமான்கள் இருக்கின்றன. வர்ணம் பூசிய குட்டிப் பன்றித் தொடை, மீன், பழங்கள். அவசரமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

நார்மன் தம் அண்ணன் மகளுக்காகக் கைப்பட ஒரு பொம்மை வீடு செய்திருந்தார். அதில் இரண்டு சுண்டெலிகள் புகுந்து கலாட்டா செய்வதாக ஒரு கதை எழுத அம்மாளுக்கு ஆசை. பொம்மை வீட்டை நேரில் பார்த்து வரையலாம் என்றால், தாயார் அந்த வீட்டுக்குப் போகச் சம்மதிக்கவில்லை. முப்பத்தேழு வயதுப் பெண்ணுக்கு இந்தக் கட்டுப்பாடு! நார்மன் பொம்மை வீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். கூடவே கடையில் இந்தப் பொம்மைப் பலகாரங்களையும் வாங்கி அனுப்பினார். 1904-ல் புஸ்தகம் வந்தது. எலிப்பொறியிலிருந்து தப்பிவந்து அவரிடம் வளர்ந்த ஹங்கா மங்கா என்ற சுண்டெலிதான் கதாநாயகி.

மறு வருஷம் ஜூலையில் ஹங்கா மங்கா சரவிளக்கிலிருந்து விழுந்து செத்துப்போயிற்று. அதே மாதம் நார்மன், தம்மை மணக்கச் சம்மதமா என்று கடிதம் எழுதினார். அவர் சம்மதித்தார். பெற்றோர் சீறினார்கள். வியாபாரக் குடும்பத்தில் பெண் கொடுப்பதா? மோதிரம் போட்டுக்கொள்ளலாம், வெளியில் யாருக்கும் சொல்லக் கூடாது என்ற அளவில் சமரசம் ஆயிற்று. ஒரே மாதம். ஆகஸ்டு 25-ம் தேதி, இரத்தப் புற்றுநோயால், முப்பத்தேழாவது வயதில் நார்மன் காலமானார். ஊருக்கே தெரியாத நிச்சயதார்த்தம். ஆகவே ஊரறிய அழுவதற்கும் அந்தப் பெண்ணுக்கு வழியில்லை.

அந்த இலையுதிர் காலத்தில்தான் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். முயல் சம்பாதித்த பணமும், உறவுக்கார அம்மாள் ஒருத்தி விட்டுப்போன சிறு தொகையும் போதுமாயிருந்தன. பொம்மைப் பலகாரங்களும் கூடவே இந்த வீட்டுக்கு வந்துவிட்டன.

குடியானவப் பெண்

பண்ணையை அறிந்த குத்தகைக்காரக் குடும்பத்தை அவர் வெளியேற்றவில்லை. அவர்களுக்காக வீட்டை ஒட்டி ஒரு பகுதி கட்டினார். பெற்றோரைக் கவனிக்க லண்டன் போவதும் வருவதுமாக, கிடைத்த நாட்களிலெல்லாம் இங்கே தங்கினார். அடுத்த எட்டு வருஷங்களில் அவருடைய மிகச் சிறந்த புஸ்தகங்கள் பிறந்தன.

'ஜெமிமா' என்ற வாத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வாத்துக்கு அடைகாக்கும் பொறுமை போதாது என்று முட்டைகளைக் கோழிக்கு வைப்பது நம் கிராமங்களிலும் உள்ள வழக்கம். ஹில் டாப்பிலும் அதே வழக்கம். ஜெமிமாவுக்கு ரோஷம் வந்து, காட்டில் முட்டையிடப் போகிறது. அங்கே நரி நயமாக உபசரித்து, விருந்துக்கு மசாலா இலைகளும் வெங்காயமும் கொண்டுவரச் சொல்கிறது. பாவம், தன்னையே சமைக்கப் போகிறார்கள் என்று அறியாமல் வாத்து பறித்துக்கொண்டு வருகிறது! கெப் என்ற நாய் காப்பாற்றுகிறது. ஆனால் உதவிக்கு வந்த நாய்க்குட்டிகளே முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. கெப், அம்மாளின் சொந்த நாய். தோட்டத்தில் ஜெமிமா முட்டையை ஒளிக்கப் பார்த்த செடிப்பாத்தி இன்றும் குழந்தைகளின் முதல் விசாரணை.

1913-ல், நாற்பத்தேழாவது வயதில், நிலங்கள் வாங்க உதவிய உள்ளூர் வக்கீல் வில்லியம் ஹீலிஸை மணந்துகொண்டார். பெற்றோர் இப்போதும் மறுப்புச் சொன்னார்கள். இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. தம்பதிகள் எதிரே வேறு வீட்டில் குடியிருந்தார்கள். ஹில் டாப் மட்டும் அவருடைய தனி உலகமாக, வைத்தது வைத்தபடி இருந்தது.

பிறகு கதைகள் குறைந்தன, ஆடுகள் பெருகின. ஹெர்ட்விக் என்பது இந்த மலைகளுக்கே உரிய ஆட்டு ஜாதி. குட்டி கறுப்பாகப் பிறக்கும். வளர வளரச் சாம்பல் நிறமாகி முகம் வெளுக்கும். வேலி கிடையாது. தன் மந்தையின் மேய்ச்சல் எல்லை எது என்று தாய் ஆட்டுக்குத் தெரியும். குட்டி தாயின் பின்னால் சுற்றியே அதைக் கற்றுக்கொள்கிறது. மந்தையை விற்றுவிட்டால் அந்த அறிவும் மலையை விட்டுப் போய்விடும். அதனால்தான் அம்மாள் விற்பனைக்கு வந்த பண்ணைகளை ஒவ்வொன்றாக வாங்கினார். 1943 டிசம்பர் 22-ல் காலமானபோது, 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, ஹெர்ட்விக் ஆடுகள் தொடர்ந்து மேய வேண்டும் என்ற விருப்பத்தோடு, 'நேஷனல் டிரஸ்ட்' என்ற தர்ம ஸ்தாபனத்துக்கு எழுதி வைத்திருந்தார். ஹில் டாப் 1946-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2017-ல் ஏரி ஜில்லா முழுவதும் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று.

அவருடைய சமாதி எங்கே என்று தேடாதீர்கள். அவர் விருப்பப்படி, அஸ்தியை அவருடைய மேய்ப்பர் மலையில் எங்கோ தூவினார். இடத்தை ஊருக்குச் சொல்லவில்லை. வீட்டைப் பார்த்து முடித்ததும் வெளியே வந்து, கற்சுவர் ஓரமாகச் சற்று நில்லுங்கள். சாம்பல் நிற ஆடு ஒன்று நிமிர்ந்து பார்க்கும். அதன் பின்னாலேயே ஒரு கறுப்புக் குட்டி, எல்லை கற்றுக்கொண்டு போய்க்கொண்டிருக்கும்.