காசிமேட்டு எழுத்து

கிராபிக் டிசைனில் பட்டம் வாங்கியவள் நான். வீடு திருவொற்றியூர். படித்தது அரசு கவின் கலைக் கல்லூரியில். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் அது. கல்யாணப் பத்திரிகை, பிரியாணிக் கடை மெனு, சிற்றிதழ் அட்டை என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்திருக்கிறேன். இப்போது மனசு முழுக்க ஒரே வேலையில் கிடக்கிறது: வடசென்னைப் படகுகளில் உள்ள எழுத்துகளை வைத்து ஒரு தமிழ் எழுத்துரு.

எங்கள் கல்லூரியில் படித்த ஓவியர் ஆதிமூலம் பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் எழுதித் தந்த தலைப்புகளை, அவர் பெயரைச் சொல்லியே இன்றும் பேசுகிறோம். படகில் எழுதுகிறவரை யாரும் கேட்பதில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு நான் போனது அவரைத் தேடித்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடலுக்குப் போகிறவர் வீட்டில் கை இறுகும் அந்த நாட்கள்தான் படகில் எழுதுகிறவர்களுக்கு வேலை குவியும் காலம். லாஞ்சுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, இஞ்சின் பார்த்து, பெயின்ட் அடித்து முடித்த பிறகு, கடைசியாகக் கூப்பிடுவது ஆர்ட்டிஸ்டை.

நான் பார்த்த ஆர்ட்டிஸ்டுக்கு எழுபது நெருங்குகிறது. சாக்பீஸ் தூள் தடவிய நூலை அணியத்தில் இழுத்துப் பிடித்து, சுண்டி, இரண்டு கோடு போட்டார். அவ்வளவுதான் அளவு. ‘வடிவுடையம்மன் துணை’ என்று எழுத வேண்டும். மூக்கை நோக்கிப் படகு வளைகிற இடத்தில் எழுத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கிக்கொண்டே போனார். கிட்டே நின்று பார்த்தால் கோணல். பத்தடி தள்ளிப் போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவில் நின்றன. திரையில் இதைச் செய்ய நான் எத்தனை முறை கோட்டை இழுத்து இழுத்துத் திருத்துவேன்! ‘ம்’ மேல் புள்ளியைப் பெரிதாக வைத்தார். “உப்புத் தண்ணி முதல்ல புள்ளியத்தான் துன்னும் கண்ணு” என்றார்.

‘ணை’யில் நான் அசந்து நின்றேன். தும்பிக்கை தூக்கிய பழைய ணை! பெரியார் 1935-இல் ‘குடிஅரசு’ இதழில் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் ஆணையாக்கியபோது மாறிய பதின்மூன்று எழுத்துகளில் அதுவும் ஒன்று. ஏன் ஐயா என்று கேட்டேன். “ஓனரோட அப்பா போட்டுல இப்டித்தான் இருந்துச்சாம். அதே மாரி கேக்குறாரு.” சீர்திருத்தம் தேவையாகத்தான் இருந்தது, அச்சுக்கோப்பவரின் சுமை குறைந்தது. ஆனாலும் அந்த வளைவின் அழகை என்னால் விட முடியவில்லை. என் எழுத்துருவில் வேண்டுபவர் தேர்ந்துகொள்ளும் மாற்று வடிவமாக அதையும் வரைந்திருக்கிறேன்.

பெயருக்குக் கீழே பதிவெண். ஐ.என்.டி., டி.என்., மாவட்ட எண், விசைப்படகு என்றால் எம்.எம்., பிறகு வரிசை எண். ராமேஸ்வரத்துப் படகுக்கு மாவட்ட எண் 10. இதில் அவர் எந்த அலங்காரமும் செய்வதில்லை. தூரத்தில் கடலோரக் காவல் படைக் கப்பலிலிருந்து படிக்க வேண்டிய எழுத்து அது.

எண்ணூரில் நிலைமை வேறு. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் பைபர் படகுகளும் வலைகளும் கறுப்பாகிப்போயின. முகத்துவாரக்குப்பத்தில் ஒரு தம்பி தன் படகைக் காட்டினான். பழைய பெயர் போய்விட்டதாம். ஆர்ட்டிஸ்டுக்குக் கொடுக்கக் காசில்லாமல் மிச்சப் பெயின்டில் அவனே எழுதியிருக்கிறான். வரி மேலேறிக் கீழிறங்குகிறது. அந்த எழுத்தையும் அவனைக் கேட்டுப் படமெடுத்துக்கொண்டேன்.

எழுத்துரு விற்பனைக்கு வந்தால், வரும் பணத்தில் எழுதியவர்களுக்குப் பங்கு உண்டு. சம்மதிப்பவர்களின் பெயர் கோப்பிலேயே இருக்கும். இதை நான் உதவி என்று நினைக்கவில்லை. வடிவம் அவர்களுடையது.

இன்னும் சில எழுத்துகள் கிடைக்கவில்லை. ஞ எங்கேயும் கண்ணில் படவில்லை என்றேன். பெரியவர் பிரஷ்ஷை டர்பன்டைனில் அலசிக்கொண்டே யோசித்தார். “ஞானமாதான்னு ஒரு லாஞ்சு அந்தாண்ட நிக்குது. நான்தான் எழுதுனேன். தடை முடிஞ்சா கெளம்பிடும், சீக்கிரம் போய்ப் பாரு.”